மாலிக் சாகிப்பும் நசீரின் மூன்று மகள்களும்

1

இது விசா புதுப்பிக்கிற மாதம். ஷார்ஜாவில் எங்கள் கேம்ப்பை ஒட்டி ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. அரசாங்கப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுக்கிற கடை. அங்கே இருக்கும் மலையாளி ஒவ்வொரு முறையும் படிப்பு என்கிற கட்டத்துக்கு வந்ததும் கையை நிறுத்திவிடுவார்.

"அண்ணா, படிப்பு எந்தா போடணும்?"

"எட்டாவது."

"பாஸா, பெயிலா?"

"பாதியில நின்னுட்டேன்."

படிவத்தில் அப்படி ஒரு பதிலுக்கு இடமில்லை. பள்ளிப் படிப்பு முடிக்காதவர் என்பதை அழுத்தினார். எனக்குப் பின்னால் நின்ற நசீர் பாய்க்கும் அதையே அழுத்தினார். அவர் படித்தது ஐந்தாவது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் மூன்று வகுப்புகள் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியவில்லை.

வண்டியில் ஏறியதும் நசீர் பாய் தன் போனை என்னிடம் நீட்டினார். அவருடைய கடைசி மகள் சைமாவின் ஐந்தாம் வகுப்பு ரிசல்ட். வகுப்பில் முதல் இடம். நான் கை கொடுத்தேன். அவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இதோட முடிஞ்சுது, மலாய்," என்றார். மலாய் என்பது நான்தான்.

அவர் ஊரில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிகிறது. அதை உயர்நிலைப் பள்ளி ஆக்கித் தருகிறேன் என்று சொல்லியே ஒருவர் மூன்று முறை பாகிஸ்தான் பாராளுமன்றத்துக்குப் போயிருக்கிறார். அங்கே எம்.பி.யை எம்.என்.ஏ என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் மாலிக் சாகிப்.

மரக்காணத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, பாகிஸ்தான் எம்.பி. கதை நமக்கெதற்கு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டால், யாருடைய எம்.பி.யும் நம்முடைய எம்.பி. ஆகிவிடுவார்.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏழுமலை. அந்தப் பெயர் நசீர் பாய் வாயில் நுழையவில்லை. முதல் வாரமே மலாய் ஆகிவிட்டேன். அவர்கள் பாஷையில் பாலாடை. கறுப்பாக இருக்கிறவனை பாலாடை என்று கூப்பிடுவதில் கேம்ப் முழுவதுக்கும் ஒரு சந்தோஷம்.

எங்கள் வீட்டில் எல்லாரும் உப்பளத்து வேலை. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஈ.சி.ஆரில் லாரி ஏறி கோயம்பேட்டில் இறங்கினேன். யாரும் விரட்டவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத உடம்பு, அவ்வளவுதான். கோயம்பேட்டில் மூட்டை, பம்பாயில் ஓட்டல், மலேசியாவில் செம்பனைத் தோட்டம், கத்தாரில் சென்ட்ரிங். கடைசியில் இங்கே தண்ணீர் வண்டி. பெரிய பெரிய குடிநீர்க் கேன்களை வீடு வீடாகப் போடுகிற வேலை. நசீர் பாய் ஓட்டுவார், நான் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். லிப்ட் வேலை செய்யாத கட்டடங்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம்.

நசீர் பாய் ஊரிலும் உப்புதான். அங்கே மலையைக் குடைந்து எடுக்கிறார்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கொடுக்கிறார்களே, அந்த மாதிரி இளஞ்சிவப்புக் கல். நான் போனில் எங்கள் பாத்திகளைக் காட்டியபோது அவர் நம்பவில்லை.

"தண்ணியக் காய வெச்சா உப்பா? அப்ப உங்க ஊர்ல கடலே மலையா?"

"உங்க ஊர்ல மலையே கடலா?"

இப்படித்தான் பழகினோம். அவர் பேசுவது உருது. நான் இங்கே அதை என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

3

நான் வண்டியில் ஏறிய வருஷம் நசீர் பாயின் மூத்த மகள் நுஸ்ரத் ஐந்தாவது முடித்தாள். மாலிக் சாகிப் அப்போதுதான் முதல் தடவை தேர்தலில் நின்றார். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. ஊருக்கு வந்து, ஜெயித்தால் முதல் கையெழுத்து இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்றார். ஜெயித்தார். ஜெயித்த வாரமே ஆளும் கட்சியில் சேர்ந்தார். நசீர் பாய்க்கு ஒரே சந்தோஷம். ஆளும் கட்சியில் இருந்தால்தானே வேலை நடக்கும். பிறகு ஒரு நாள் மாலிக் சாகிப் சொல்லி அனுப்பினார்: பள்ளிக்கூடம் மாகாண அரசாங்கத்தின் பொறுப்பு, தான் இருப்பது மத்தியில்.

"அது நிக்கும்போது தெரியாதா அவருக்கு?" என்று கேட்டேன்.

"நின்னுகிட்டே யாருக்கு என்ன ஞாபகம் வரும், மலாய்? உக்காந்தப்புறம்தான் வரும்."

நுஸ்ரத் வீட்டில் இருந்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது.

இரண்டாவது தேர்தல் வந்தபோது இரண்டாவது மகள் கௌசர் ஐந்தாவதில் இருந்தாள். மாலிக் சாகிப் வேறு கட்சிக்குப் போயிருந்தார். அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஜெயித்தது. இந்த முறை அடிக்கல் நாட்டினார். பளிங்குக் கல்லில் தன் பெயர், தன் அப்பா பெயர், தேதி. எதிராளி ஒருவர், மாலிக் சாகிப்பின் டிகிரி சர்டிபிகேட் பொய் என்று கேஸ் போட்டார். கேஸ் நடந்துகொண்டே இருந்தது. முடிவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவருக்குப் படிப்பு இருக்கிறதா இல்லையா என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கௌசருக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. டவுன் பள்ளிக்கூடம் மலைப் பாதையில் வெகு தூரம். ஆண்பிள்ளைகள் யார் பைக்கிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கௌசர் அடிக்கல் மேல் உட்கார்ந்து சைமாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள்.

மூன்றாவது தேர்தலில் மாலிக் சாகிப் பழைய கட்சிக்கே திரும்பினார். தேர்தலுக்கு முன்னால் சுவர் எழுந்தது, கூரையும் போட்டார்கள். நாலு வகுப்பறை, ஒரு கைப்பம்பு. நசீர் பாய் கேம்ப் முழுவதுக்கும் அந்த போட்டோவைக் காட்டி ஜிலேபி கொடுத்தார். மாலிக் சாகிப் கொஞ்ச ஓட்டில் தப்பித்தார். அதற்கப்புறம் ஒரு டீச்சர்கூட வரவில்லை. கட்டடத்தின் சாவி மாலிக் சாகிப்பின் ஊர் ஆளிடம் இருக்கிறது. அவன் அதில் எருமை கட்டுகிறான். சைமா அனுப்பிய போட்டோவை நான் பார்த்தேன். கரும்பலகையில் எருமை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு உத்தரவு. டீச்சர் போட்டால் போதும். கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் கேட்க ஏன் யாருக்கும் வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

4

போன வருஷம் நசீர் பாயின் அப்பா இறந்தார். இவரால் போக முடியவில்லை. மூன்றாம் நாள் மாலிக் சாகிப் துக்கம் விசாரிக்க வந்தார். ஏழு வண்டி. கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீடியோ காலில் பார்த்தோம். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். மாலிக் சாகிப் உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். இறந்தவருக்கான துவா முடிந்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மாலிக் சாகிப் நசீர் பாயின் தம்பி பஷீரின் தோளில் கை போட்டு, "உங்க அப்பா போனது, எனக்கு அப்பா போன மாதிரி" என்றார். கிளம்பிவிட்டார்.

அவர் வண்டி ஏறும் முன்பே நசீர் பாய் போனில் கத்தினார்.

"பஷீரு! ஸ்கூலு! ஸ்கூலப் பத்திக் கேளுடா!"

பஷீர் போனை வேட்டி மடிப்பில் அமுக்கிக்கொண்டார். பிறகு வந்து பேசினார்.

"அண்ணே, அப்பா செத்த வீட்டுல ஒக்காந்து கேக்கச் சொல்றியா? நாளைக்கு ஜனங்க என்ன சொல்லும்? அப்பன் சாவ வெச்சு வேலை வாங்கிட்டான்னு சொல்லாது?"

அங்கே வழக்கம் அப்படி. துக்கம் விசாரிக்க வந்தவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் செத்தவருக்கு அவமானம். மாலிக் சாகிப் கல்யாணங்களுக்கு ஆள் அனுப்புவார். தன் வீட்டுக் கூடத்துக்கு வருகிறவர்களைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. சாவுக்கு மட்டும் தானே வந்துவிடுவார். நாற்பது மைல் தாண்டி வருவார், மழையில் வருவார், கட்சி மாறிய மறுநாளும் வருவார். தொகுதியில் அவர் கை ஏந்தாத வீடு இல்லை என்பார்கள். ஓட்டும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. துக்கத்துக்கு வந்தவனுக்கு ஓட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

5

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் நான் வேறு மாதிரி ஊர்க்காரன். எங்கள் தெருவில் ஒரு கோடையில் பத்து நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் மனைவி சரசுவும் தெருப் பொம்பளைகளும் காலிக் குடங்களோடு போய் ஈ.சி.ஆரில் உட்கார்ந்துவிட்டார்கள். பாண்டிச்சேரி போகிற கார்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. ஒரு மணி நேரத்தில் தாசில்தார் ஜீப் வந்தது. மறுநாள் தண்ணீர் வந்தது. இதை நசீர் பாயிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

"ரோட்டுல உக்காருங்க பாய். எல்லாம் தானா நடக்கும்."

"எங்க ஊர் ரோட்டுல உக்காந்தா ஒரு நாளைக்கு ஒரு கழுதை வரும். அது சுத்திப் போயிடும்."

சரசுவிடம் போனில் சைமா கதையைச் சொன்னபோது அவள் திட்டினாள்.

"ஏங்க, பாகிஸ்தான்காரன் பொண்ணு ஸ்கூலுக்கு இப்பிடித் துடிக்கிறீங்களே, உங்க பொண்ணு பேசி எத்தினி நாளாவுது தெரியுமா?"

தெரியும். பதினெட்டு நாள். என் மகள் அபிநயா பாண்டிச்சேரியில் காலேஜ் படிக்கிறாள். பஸ் வாசலிலேயே வருகிறது. ஆரோவில்லில் சமையல் வேலைக்குப் போகிற சரசு காலையில் அவளை ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். நான் போன் செய்தால் அபிக்கு என்னோடு பேச இரண்டு நிமிஷத்துக்கு மேல் விஷயம் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டரில் என்ன படிக்கிறாய் என்று கேட்பேன். அவள் சொல்வது எனக்குப் புரியாது, புரியவில்லை என்பது அவளுக்குப் புரியும். உடனே, "அப்பா, வாய்ஸ் கட்டாவுது... ஹலோ... கேக்கலப்பா" என்பாள். லைன் நன்றாகத்தான் இருக்கும். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். நான் வைத்துவிடுவேன்.

சைமா அப்படி இல்லை. நசீர் பாய் போன் பேசும்போதெல்லாம் என்னைக் கூப்பிடச் சொல்லி, "மலாய் சாச்சா, உங்க கடல் எவ்ளோ ஆழம்? உப்பு எடுத்தப்புறம் மீதித் தண்ணி தித்திக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சாச்சா என்றால் சித்தப்பா.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அவள் கேட்டது வேறு. மாலிக் சாகிப் தொகுதிக்காரர்களைப் பார்க்க ஷார்ஜாவுக்கு வரப்போவது ஊருக்கே தெரிந்திருந்தது.

"அப்பா கேக்க மாட்டாரு சாச்சா. அப்பாவுக்கு வெக்கம். நீங்க கேளுங்க. நீங்க எங்க ஊரு இல்லியே, உங்களுக்கு எதுக்கு வெக்கம்?"

கேட்கிறேன் என்று சொன்னேன்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒரு பட்டான் ஓட்டல் மாடியில் ஹால். அந்தத் தொகுதிக்காரர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். டாக்சி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், எல்லாரும் துவைத்துத் தேய்த்த உடுப்பில். நான் தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவன் என்கிற கணக்கில் உள்ளே போனேன். உண்மையாகவே ஆறு கேன் கொண்டுபோயிருந்தோம்.

மாலிக் சாகிப்பை முதல் முறை நேரில் பார்த்தேன். பெரிய உருவம் இல்லை. சாயம் போட்ட மீசை, தொண்டை கட்டின குரல். பார்த்தால் சலிப்பு ஏற்பட்ட பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருந்தார்.

அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ஆள் ஒரு தாளை விரித்தான். போன முறை அவர் வந்துபோன பிறகு யார் யார் வீட்டில் சாவு என்று எழுதியிருந்தது. அவன் காதில் சொல்லச் சொல்ல, மாலிக் சாகிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னாருடைய அம்மா, இன்னாருடைய அண்ணன். அவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை ஏந்தினார். ஹாலே ஏந்தியது. நசீர் பாயின் அப்பாவுக்கு இரண்டாவது தடவை நடந்தது. நசீர் பாய் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பட்டியல் முடிய ஒரு மணி நேரம். கடைசிப் பெயர் முடிந்ததும் கீழேயிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஹாலையே அவர் சாவு வீடாக ஆக்கிவிட்டார். இனிமேல் யார் கேட்பார்கள்?

நான் எழுந்தேன். நசீர் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு மலாய். அல்லாவுக்காக உக்காரு."

"சாகிப்," என்றேன். "நசீர் பாய் ஊர்ல பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல் கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. உள்ள எருமை கட்டியிருக்காங்க. டீச்சர் எப்ப வருவாங்க?"

வண்டியில் கற்ற உருது. மரியாதை எங்கெங்கே விட்டுப்போனதோ தெரியாது. தட்டு வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. மாலிக் சாகிப் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இல்லை.

"நீங்க எந்த ஊருப்பா?"

"மெட்ராஸ் பக்கம். மரக்காணம்."

"இந்துஸ்தானா!" ஹாலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, நம்ம ஊரு எருமை இந்தியா வரைக்கும் பேரு வாங்கிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. "டீச்சரு எப்ப வருவாங்க, சாகிப்?" என்று மறுபடி கேட்டேன். சிரிப்பு நின்றது. பின்னால் யாரோ, "அவன வெளிய அனுப்புங்கப்பா" என்றார்.

மாலிக் சாகிப் கையைத் தூக்கி அந்த ஆளை அடக்கினார். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். போனேன். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பா அம்மா இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்றிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா இருக்காங்க. அப்பா இல்ல."

"எப்ப போனாரு?"

"அஞ்சு வருஷம் ஆச்சு."

"நீங்க போனீங்களா?"

"பாஸ்போர்ட் விசா அடிக்கப் போயிருந்தது. போவ முடியல."

"என்ன வேலை செஞ்சாரு?"

"உப்பளத்துல."

"நம்ம ஆளுப்பா," என்று ஹாலைப் பார்த்துச் சொன்னார். "இவரு அப்பாவும் உப்புல கிடந்தவருதான்." சொல்லிவிட்டுக் கை இரண்டையும் ஏந்தினார்.

நூறு பேரும் ஏந்தினார்கள். என்னை வெளியே அனுப்பச் சொன்ன ஆளும் ஏந்தினார். நசீர் பாய் ஏந்தினார். என் அப்பா இறந்த அன்று நான் அஜ்மானில் நாலாவது மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டிருந்தேன். சரசு போனில் அவர் முகத்தைக் காட்டிக் காட்டி அழுதாள். எங்கள் ஊரில் அவருக்கு மாலை போட ஒரு வார்டு மெம்பர்கூட வரவில்லை. உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்துச் செத்தவர் அவர். அவருக்காக முன்பின் தெரியாத நூறு பேர் கை ஏந்தி நின்றார்கள். என் கையும் மேலே போயிருந்தது.

முடிந்ததும் மாலிக் சாகிப் என் தோளைத் தட்டினார். "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

சாப்பிட்டேன். மூன்றாவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. குடம் வைத்து ரோட்டில் உட்கார்கிற ஊர்க்காரன். மாலிக் சாகிப் என்னிடம் ஒரு வாக்குறுதிகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

7

கேம்ப்புக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது நசீர் பாய், "கேட்டதுக்குத் தேங்க்ஸ்," என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே கேக்காத," என்றார்.

சைமாவுக்கு ஏப்ரலில் பன்னிரண்டு வயது. அவளும் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். கௌசர் தனக்குத் தெரிந்த ஐந்தாம் வகுப்பை இரண்டாவது முறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

நாங்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நசீர் பாய் எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"சாச்சா, கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. ரெண்டு தடவ கேட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

அவள் பக்கத்தில் யாரிடமோ, "கேட்டுட்டாராம், கேட்டுட்டாராம்!" என்று சொன்னாள். பக்கத்தில் இருந்தது கௌசராக இருக்கும்.

"அவரு என்ன சொன்னாரு?"

"எங்க அப்பாவுக்காக துவா பண்ணாரு."

"உங்க அப்பா செத்துட்டாரா? நீங்க சொல்லவே இல்லியே."

"அது ஆச்சும்மா, அஞ்சு வருஷம்."

"பாவம்," என்றாள். அப்புறம், "அப்ப டீச்சர் எப்ப வர்றாங்க?" என்றாள்.

வண்டியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"ஹலோ... சைமா... வாய்ஸ் கட்டாவுதும்மா... ஹலோ..."

"சாச்சா? எனக்குக் கேக்குதே. டீச்சர் எப்ப வர்றாங்கன்னு கேட்டேன். சாச்சா?"

எருமை கத்துகிற சத்தம் வரைக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேக்கலம்மா," என்றேன்.